ஒரே கல்லில் மூன்று உலோகம்: ஸ்டெர்லிங் ஹில் சுரங்கத்தின் கதை

அனைவருக்கும் வணக்கம்.

துத்தநாகம் எந்தத் தாதுவில் கிடைக்கிறது என்று நிலவியல் மாணவர் யாரைக் கேட்டாலும், யோசிக்காமல் ஸ்பேலரைட் என்பார். துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. ராஜஸ்தானின் ஜாவரில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாலையில் வடித்துத் துத்தநாகம் எடுத்ததும் அந்தத் தாதுவிலிருந்துதான். ஆனால் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஆக்டன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருக்கும் ஸ்டெர்லிங் ஹில் சுரங்கத்தில் ஸ்பேலரைட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்று பேசப்போவது அந்தச் சுரங்கத்தைப் பற்றி.

அங்கே தாது மூன்று வகை. கறுப்பாக இருப்பது பிராங்க்ளினைட். இரத்தச் சிவப்பில் இருப்பது சிங்கைட். பழுப்பும் பச்சையும் கலந்து, பார்க்கச் சாதாரணமாக இருப்பது வில்லமைட். மூன்றும் வெள்ளைப் பளிங்குக்குள் மணிமணியாகப் பதிந்திருக்கும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேற்றில் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு மூன்றும் சேர்ந்து குவிந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். பிறகு கண்டங்கள் மோதி மலை எழும்பியபோது எல்லாம் ஆழத்துக்குப் போய் வெந்தன. சுண்ணாம்பு பளிங்கானது. கந்தகம் போதிய அளவு இல்லாததால் துத்தநாகம் ஆக்சிஜனோடும் சிலிக்காவோடும் சேர்ந்துகொண்டது. தாதுப் படுகையும் மடிந்து தூண்டில் முள்போல வளைந்துவிட்டது.

சரி, இனி மனிதர்கள் கதைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் இந்த நிலம் வில்லியம் அலெக்சாண்டரிடம் இருந்தது. வாஷிங்டனின் படையில் தளபதியாக இருந்தவர். தன்னை ஸ்டெர்லிங் பிரபு என்று சொல்லிக்கொண்டார். லண்டன் பிரபுக்கள் சபை 1762இல் அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. சபை மறுத்தால் என்ன, குன்றுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது.

கறுப்புத் தாதுவைப் பார்த்தவர்களுக்கு அது இரும்புத் தாதுவாகவே தெரிந்தது. ஊது உலையில் போட்டார்கள். துத்தநாகம் ஆவியாகி, மேலே போய் ஒட்டி, உலையையே அடைத்தது. சாமுவேல் பௌலர் என்ற மருத்துவர்தான் அந்தத் தொல்லையிலும் ஒரு பயனைக் கண்டார். தாதுவிலிருந்து வெள்ளைப் பூச்சுக்கான துத்தநாக ஆக்சைடு எடுக்கலாம் என்று காட்டினார். 1830களில் அமெரிக்க அரசின் அளவைத் தரங்களுக்கு, அதாவது எடையும் அளவும் சரிபார்க்கும் மாதிரிகளுக்கு, பித்தளை வார்க்கத் தேவைப்பட்ட துத்தநாகமும் இந்தப் பகுதித் தாதுவிலிருந்தே எடுக்கப்பட்டது.

அப்புறம் வந்ததுதான் வழக்கு. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் ருசியான பகுதி இதுதான். பக்கத்து ஊரான பிராங்க்ளினில் 1848இல் தாது உரிமையைக் கிரயம் செய்துகொடுத்தபோது, துத்தநாகத் தாது ஒருவருக்கு என்றும், துத்தநாகத்திலிருந்து தனியாகக் கிடைக்கும் பிராங்க்ளினைட்டும் இரும்புத் தாதுவும் அதில் சேராது என்றும் எழுதினார்கள். காகிதத்தில் சுலபமாக எழுதிவிடலாம். கல்லில் எங்கே கோடு போடுவது? பிராங்க்ளினைட்டின் ஒவ்வொரு மணியிலும் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் மூன்றும் இருக்கின்றன. பக்கத்திலேயே சிங்கைட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துத்தநாகக் கம்பெனி ஒரு பக்கம், பிராங்க்ளினைட் கம்பெனி மறு பக்கம். நிபுணர்கள் இரு தரப்புக்கும் சாட்சி சொன்னார்கள். தலைமுறை தாண்டி நடந்த இந்த இழுபறி ஒருவழியாக ஓய்ந்தது 1897இல், கம்பெனிகள் நியூ ஜெர்சி சிங்க் கம்பெனி என்று ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான்.

நீதிமன்றத்தால் பிரிக்க முடியாத தாதுவை, அந்த ஆண்டுகளிலேயே வெதரில் என்பவரின் காந்தப் பிரிப்பான் பிரித்துக் காட்டியது. பிராங்க்ளினைட் காந்தத்துக்கு லேசாகத்தான் இழுபடும், அதனால் அவர் மிகவும் வலுவான காந்தத்தைப் பயன்படுத்தினார். கறுப்பு மணி ஒரு பக்கம் போனது. மிஞ்சியதில் வில்லமைட்டையும் சிங்கைட்டையும் எடை வித்தியாசத்தை வைத்துப் பளிங்கிலிருந்து பிரித்தார்கள். பிராங்க்ளினைட்டிலிருந்து முதலில் துத்தநாக ஆக்சைடு, பிறகு மிச்சத்திலிருந்து எஃகு ஆலைகளுக்கு மாங்கனீசு இரும்பு. ஒரே கல்லுக்கு இரண்டு விலை.

ஆலையில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. மின்பொறி விளக்கின் புறஊதா ஒளியில் வில்லமைட் பச்சையாக எரிகிறது. கழிவு மண்ணில் வில்லமைட் வீணாகப் போகிறதா என்று பார்க்க அதையே ஒரு சோதனையாக வைத்துக்கொண்டார்கள். சாதாரண வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகக் கிடக்கும் ஒரு துண்டை இருட்டில் அந்த விளக்கடியில் வைத்தால், பளிங்கு நெருப்புச் சிவப்பு, வில்லமைட் பச்சை, நடுவே பிராங்க்ளினைட் கன்னங்கரேல் என்று தெரியும். சிவப்புக்கும் பச்சைக்கும் காரணம் ஒரே மாங்கனீசுதான். அது எந்தக் கனிமத்துக்குள் அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. இரும்பு அதிகமானால் ஒளி அணைந்துவிடும், அதனால்தான் பிராங்க்ளினைட் இருட்டாகவே இருக்கிறது. இந்தப் பகுதியில் 350க்கும் மேற்பட்ட கனிமங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் சுமார் 90 ஒளிர்பவை.

பிராங்க்ளின் சுரங்கம் 1954இல் முடிந்தது. ஸ்டெர்லிங் ஹில் 1986 வரை தாக்குப்பிடித்தது. மாநிலத்தில் கடைசியாக இயங்கிய நிலத்தடிச் சுரங்கம் அதுதான். சொத்து வரித் தகராறில் ஊராட்சி நிலத்தைக் கைப்பற்றி, 1989இல் ஏலத்தில் விட்டது. ஹாக் சகோதரர்கள் 7,50,000 டாலருக்கு எடுத்து, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மொத்தம் 35 மைல் சுரங்கப்பாதை, 2,000 அடிக்கும் கீழே போகிறது. பம்புகள் நின்றதால் கீழ்த்தளங்களில் தண்ணீர் ஏறிவிட்டது, பார்வையாளர்கள் மேல்தளத்தில்தான் நடக்க முடியும்.

அங்கிருந்து வந்த ஒரு துண்டு இந்த மேசையில் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோருக்கும் காட்டுகிறேன். ஒரு வேண்டுகோள், புறஊதா விளக்கை யாரும் நேராகப் பார்க்க வேண்டாம், கண்ணுக்குக் கெடுதல். கேள்விகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.