சத்திரத்துக் கதவைத் திறப்போம்
(சென்னிமலை வட்டாரத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சந்தைப்பேட்டை ஓரம் பூட்டிக் கிடக்கிற சத்திரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தைப்பூசத் தேருக்கு வண்டி கட்டிப் போனவர்கள் இரவு தங்கிய கட்டடம். ஊராட்சிக்குச் சொந்தமானது. இதைப் பெரியவர்கள் பகலில் கூடியிருக்கும் மையமாக மாற்ற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது முதியோர் இல்லம் அல்ல. காலையில் வந்து, பேசி, பேப்பர் படித்து, சாப்பிட்டு, சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் திரும்புகிற இடம். "பெத்தவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டான்" என்று யாரும் யாரையும் பேச வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கு இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? மற்ற ஊர்களில் தெருவோடு தெருவாக வீடு இருக்கும். நாம் அவரவர் தோட்டத்தில் சாளை, அதாவது தோட்டத்து வீடு, போட்டுக் குடியிருக்கிறவர்கள். பண்ணயம் என்கிற விவசாயம் நடந்த காலத்தில் ஆளும் மாடும் நிறைந்திருந்ததால் தனிமை தெரியவில்லை. இன்று பையன் திருப்பூரில், பெண் பெங்களூரில். அப்பாரும் ஆத்தாவும் மட்டும் நாலு ஏக்கருக்கு நடுவே. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களுக்கு சமீப ஆண்டுகளில் நம் மாவட்டங்களில் நடந்த கொலை, கொள்ளைக் கொடுமைகளை நீங்கள் அறிவீர்கள். அதை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒரு பெரியவர் தினமும் வருகிற இடம் என்று ஒன்று இருந்தால், அவர் வராத அன்று "என்னாச்சு?" என்று போன் போட ஒருவராவது இருப்பார்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 10 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-இல் அது 18 ஆகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு முதியோர் பகலில் கூடியிருப்பதற்கான 25 அன்புச்சோலை மையங்களை அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் அவை பெரும்பாலும் மாநகரங்களுக்கானவை. நம் ஊருக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் கட்டடம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. தடித்த சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே சீமை ஓடு. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்து பாருங்கள், கான்கிரீட் கூரைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆனால் பழுது பார்க்கும்போது சிமெண்டைப் பூசக் கூடாது. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே இருக்கும் காரை உளுத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத்தான் தேட வேண்டும்.

பணத்தை முதலில் எதற்குச் செலவழிப்பது? என் பதில், கழிப்பறைக்கு. வாழ்நாளெல்லாம் குழிக்குள் காலை விட்டு நெய்கிற குழித்தறியில் மிதித்த கால்கள் குந்தி எழ முடியாது. உட்காரும் கோப்பையும், சுவரில் பிடித்து எழக் கம்பியும் வேண்டும். அடுத்தது சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. நம் சத்திரத்துத் திண்ணை இரண்டடி, ஆக 24 அடி. இடம் இருக்கிறது. தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு படுக்கைதான். கிரானைட்டில் நன்கொடையாளர் பெயர் பொறிப்பது, முகப்பு வளைவு எல்லாம் இப்போதைக்குத் தேவையில்லை. இதில் சிலருக்கு மனவருத்தம் வரலாம், வந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டடம் ஊராட்சியுடையது என்பதால் 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் செலுத்தினால் மீதியை அரசு தரும். நீங்கள் வைக்கிற ஒவ்வொரு ரூபாயோடும் இரண்டு ரூபாய் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேலை முடிந்ததும் அந்தப் பணமும் முடிந்துவிடும். இப்படிப்பட்ட இடங்கள் படுத்துவிடுவது கட்டப் பணமில்லாமல் அல்ல, நடத்தப் பணமில்லாமல்தான். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவோம். ஆறாவது மாதம் கரண்ட் பில் கட்ட ஆளிருக்காது. ஒரு சமையல் அம்மா, கூட்டிப் பெருக்க ஒருவர், மின்சாரம், அரிசி பருப்பு. இது மாதாமாதம் வேண்டும். 150 வீடுகள் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் 30,000 ஆகிறது. ஒருவர் ஒரே தவணையில் பெருந்தொகை தருவதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே ஆளின் பணத்தில் நடந்தால் அது அவருடைய இடமாகிவிடும்.

கணக்கு மொய் நோட்டு மாதிரி இருக்கட்டும். ஐம்பது ரூபாயானாலும் பெயர் சொல்லி எழுதுவோம். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை வரவு செலவைச் சத்திரத்துச் சுவரில் ஒட்டுவோம். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்களாக இருக்க வேண்டும், அதிலும் பெண்கள் கட்டாயம். மதியம் என்ன சமைப்பது, டிவி வைப்பதா வேண்டாமா என்பதை அங்கே உட்காரப் போகிறவர்கள் முடிவு செய்யட்டும்.

நன்கொடை நோட்டு மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பணம் முடியாதவர்கள் உழைப்பை எழுதுங்கள்: ஓடு மாற்ற ஒரு நாள், வயரிங் செய்ய இரண்டு நாள், தோட்டத்திலிருந்து ஆட்களை ஏற்றிவர டெம்போ. அதற்கு அடுத்த மேசையில் இன்னொரு நோட்டும் வைத்திருக்கிறோம். அதில் உங்கள் அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயரை, அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் நாமே வீடு வீடாகப் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கப் போகிறோம்.