சுவரும் சித்திரமும்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓவியக் கழகத் தலைவர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்த இரண்டு செய்திகளை எனக்கு முன்பே, என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் கண் மருத்துவர் அவர்களே, முதல் வரிசையில் வீற்றிருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே, ஓவிய ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதல்வர் அவர்களைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் பொருளுக்குள் நுழைவது முறையாகாது. 'ஓவியமும் உடல்நலமும்' என்று தலைப்பைக் கொடுத்தவர் அவர்தாம். "அரை மணி நேரம் போதுமா?" என்று கேட்டார். தாராளமாகப் போதும் என்றேன். "உங்களைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால் நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம் என்றுதான் போட்டிருக்கிறேன்" என்றார். நாடி பிடிக்காமலே நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் அவர். ஓவியக் கழகத் தலைவர் அவர்களோ, இந்த மேடையின் பின்திரையைத் தம் கையாலேயே தீட்டிக் கொடுத்திருக்கிறார். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச வேண்டியிருப்பதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். வண்ணங்கள் ஓவியரின் உடலுக்குச் செய்த தீங்கு ஒன்று. நோய் ஓவியத்தை மாற்றிய விதம் இரண்டு. வரைதலும் படம் பார்த்தலும் நோயாளிக்குச் செய்யும் நன்மை மூன்று. ஓவியம் பார்க்கப் பழகிய மருத்துவருக்குக் கிடைக்கும் கண் நான்கு.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இராத்திரி கண் விழிக்கும் பிள்ளையிடமும், சாப்பிடாமல் ஓடும் மகனிடமும் வீட்டில் சொல்லும் சொல் இது. உடம்பு சுவர், வாழ்க்கை சித்திரம் என்பது அதன் பொருள். நான் போகிற கூட்டங்களில் எல்லாம் இந்தப் பழமொழியைச் சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இன்றும் சொல்லத்தான் போகிறேன், ஒரு தடவையோடு விடப்போவதும் இல்லை.

சித்திரம் எழுதப் போய்ச் சுவரையே இழந்தவர்கள் உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசீனி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். தாம் அறிந்த ஓவியர்கள் பெரும்பாலும் வெளிறிப்போய், நோய்வாய்ப்பட்டே இருப்பதை அவர் கவனித்தார். அவர்கள் நாள் முழுவதும் கையில் வைத்திருப்பதும் மூக்கருகே வைத்திருப்பதும் சிவப்பு ஈயம், சாதிலிங்கம், ஈய வெள்ளை போன்றவையே என்று காரணத்தையும் சொன்னார். ஈயம் நரம்பைத் தாக்கும், குடலை முறுக்கும், இரத்தத்தைக் குறைக்கும். சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம். பிற்காலத்தில் எல்லோரும் விரும்பிய மரகதப் பச்சையில் ஆர்சனிக் இருந்தது. ஈய வெள்ளையைப் பூச்சு வேலையில் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது 1921-இல்தான். ராமசீனி எழுதியதற்கும் அதற்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். அமெரிக்காவில் கடிகார முகப்பு எண்கள் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணத்தைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனையைக் கூராக்க அதை உதட்டில் வைத்து எடுத்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. தாடை எலும்பு அரித்து, பற்கள் உதிர்ந்து பலர் மாண்டார்கள். நியூ ஜெர்சிப் பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் இழப்பீட்டோடு முடிந்தது. எண்ணுக்கு வண்ணம் தீட்டுவது ஓவியமா என்று கேட்பீர்கள். எதுவானாலும் தூரிகை தூரிகைதான். மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் தூரிகையை வாயில் வைத்துக் கூராக்குகிறீர்கள் என்று கேட்டால் ஒரு கையும் உயராது. ஆனால் அந்த மூன்றாம் வரிசைத் தம்பியின் உதட்டோரம் நீலமாக இருக்கிறதே!

இனி இரண்டாவது செய்தி. பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேவுக்குக் கண்புரை என்று 1912-இல் மருத்துவர்கள் சொன்னார்கள். அறுவைக்கு அஞ்சிப் பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போட்டார். புரை முற்ற முற்ற நீலம் மங்கி, எல்லாம் பழுப்பும் செம்மஞ்சளுமாகத் தெரிந்தது. அந்த ஆண்டுகளில் அவர் தீட்டிய தோட்டப் படங்களிலும் அந்த நிறம் எரிகிறது. வண்ணக் குழாய்களின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தே வண்ணத்தை எடுத்தார், தட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் மாறாத இடம் வைத்துக்கொண்டார். 1923-இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. அதன் பிறகு எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். வண்ணக் கண்ணாடி போட்டுச் சமாளித்து, மீண்டும் தம் அல்லிக்குள ஓவியங்களுக்கே திரும்பினார். இதன் மருத்துவ நுட்பத்தைக் கண் மருத்துவர் அவர்கள் ஏற்கனவே விளக்கிவிட்டார், நான் தொடவில்லை.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீசைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இருபது வயதில் குடல்வால் அழற்சியால் படுக்கையில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று அவருடைய தாய் ஒரு வண்ணப்பெட்டியை வாங்கிக் கொடுத்தார். சட்டம் அதோடு போயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1941-இல், வயிற்றுப் புற்றுக்குப் பெரிய அறுவை நடந்து, நீண்ட நேரம் நின்று தீட்ட முடியாத நிலை வந்தது. உதவியாளர்களைத் தாளில் வண்ணம் பூசித் தரச் சொன்னார், கத்தரியை எடுத்தார், வண்ணத்தையே வெட்டி உருவங்கள் செய்தார். நீண்ட கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, படுத்தபடியே அறையின் கூரையில் முகங்களை வரைந்தார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோம். இந்த மனிதரோ சுவர் சாய்ந்த பிறகு கூரையில் எழுதினார்.

இங்கிருந்து மூன்றாவது செய்திக்குப் போகும் வழியில், என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே நிற்கிறது. பித்தப்பை அறுவைக்குப் பிறகு பதினொரு நாள் ஒரு மருத்துவமனை வார்டில் படுத்திருந்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். மருத்துவம் நன்றாகவே பார்த்தார்கள். கட்டிலுக்கு எதிரே ஒரு சுவர். அதில் ஆணி இல்லை, நாள்காட்டி இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, கூரையிலிருந்து நீர் கசிந்து உண்டான ஒரு கறை, இரண்டு கை அகலம். ஓரம் தேநீர் நிறம், நடுவில் வெளிர்மஞ்சள். முதல் நாள் அது கறையாக இருந்தது. இரண்டாம் நாள் காலை அதில் ஒரு காளையின் முகம் தெரிந்தது. கொம்பு தெளிவாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டினேன். அவர் தச்சர், கால் எலும்பு முறிந்து எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, அது காளை இல்லை, பாய் விரித்த படகு" என்றார். கொம்பைக் காட்டினேன், அதுதான் பாய்மரம் என்றார். அன்று மாலை வரை வழக்கு நடந்தது. எதிர்க்கட்டிலில் இருந்த பெரியவருக்கு முதுகுப்பக்கம் அந்தச் சுவர். ஆகவே அவரை நடுவராக்க வழியில்லை. ஊசி போட வந்த செவிலியரைக் கேட்டோம். தலையைச் சாய்த்துப் பார்த்து, "எனக்குக் கறைதான் தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரவுப் பணியில் தாமே வந்து, "படகுதான் போலிருக்கிறது" என்றார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் வலியால் அல்ல. தச்சர் மருந்துப்பெட்டி அட்டை ஒன்றைப் பிரித்து, இரவல் பேனாவால் தம் படகை வரைந்து காட்டினார். நான் பதிலுக்கு என் காளையை வரைந்தேன். பள்ளியை விட்ட பிறகு நான் வரைந்த முதல் படம் அதுதான், காளைக்கு மூன்று கால்தான் வந்தது. ஏழாம் நாள் யாரோ மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று அவசரமாக வெள்ளையடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் காளையும் போயிற்று, படகும் போயிற்று. மிச்சமிருந்த நாட்களில் தச்சரும் நானும் வலியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம். வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று நான் கேட்கத் தொடங்கியது அந்த ஏழாம் நாளிலிருந்துதான்.

இது சிரிப்பதற்கு மட்டும் சொன்ன கதை அல்ல. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். என்னைப் போலவே பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்களையும், செங்கல் சுவரைப் பார்த்தவர்களையும் இருபத்து மூன்று இணைகளாகப் பிரித்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரி 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. கடுமையான வலிமருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அது சன்னலைப் பற்றிய ஆய்வு, படத்தைப் பற்றியது அல்ல என்று முதல்வர் அவர்கள் திருத்துவார், திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லாக் கட்டிலுக்கும் சன்னல் வைக்க முடியாது, எல்லாக் கட்டிலுக்கும் எதிரே ஒரு சுவர் இருக்கத்தான் செய்கிறது.

வரைவதன் பயனைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 2016-இல் வெளிவந்த ஒன்றில் முப்பத்தொன்பது பேரை நாற்பத்தைந்து நிமிடம் விரும்பியபடி படம் செய்யவிட்டு, மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற சுரப்பு எச்சிலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது, முன்பழக்கம் இருந்ததா இல்லையா என்பதால் வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை வைத்துக்கொண்டு மருந்துக்குப் பதில் தூரிகை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். புற்றை வெட்டி எடுத்தது அறுவைக் கத்திதான். எழுந்து உட்கார ஒரு காரணம் கொடுத்ததுதான் மத்தீசின் கத்தரி.

இந்தக் காரியத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1938-இல் காசநோய் விடுதியில் சேர்ந்தவர், படுக்கையிலிருந்தே கண்ணில் பட்டதை வரைந்து தேறினார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 'ஓவிய சிகிச்சை' என்ற பெயர் 1942-இல் அவர் வைத்தது என்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து நடத்திய படநூலகம். நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல வார்டுகளுக்குப் படங்களை இரவல் கொடுத்து, மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கு முன்னோர்களும் உண்டு. ஜெர்மானிய ஓவியர் குரூனேவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் ஈசன்ஹைம் மடத்துக்குத் தீட்டிய பலிபீட ஓவியத்தில், ஏசுவின் தோல் முழுதும் புண்ணாக இருக்கும். பூஞ்சை பிடித்த கம்புத் தானியத்தால் தோலும் கைகால்களும் எரிந்து அழுகிய நோயாளிகளைக் கவனித்த மடம் அது. அவர்கள் தங்கள் புண்ணைத் தங்கள் கடவுளின் உடம்பில் கண்டார்கள். இலண்டன் பார்த்தலோமியு மருத்துவமனைக்கு ஆங்கிலேய ஓவியர் ஹோகார்த் 1730-களில் கூலி வாங்காமல், நோயாளிகள் இடம்பெறும் பைபிள் காட்சிகளை வரைந்து கொடுத்தார். ஆனால் பாருங்கள், அவை தொங்குவது பெரிய மண்டபத்துக்குப் போகும் மாடிப்படியில். நோயாளி படுத்திருக்கும் இடத்தில் அல்ல.

என் வழக்கே இதுதான். இன்றைக்கும் மருத்துவமனைகளில் படம் இருக்கிறது, வரவேற்பறையில். வார்டில் தப்பித்தவறி ஒன்று இருந்தால் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருக்கும். பார்க்க வந்தவர் பார்ப்பார், படுத்திருப்பவர் பார்க்க முடியாது. ஃபின்லாந்தின் பைமியோவில் 1933-இல் திறந்த காசநோய் விடுதிக்குக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வரைபடம் போட்டபோது, நோயாளி மல்லாந்து கிடப்பவர் என்பதை நினைத்து, கூரைக்கு அமைதியான கரும்பச்சை பூசச் சொன்னார், விளக்கு கண்ணில் அடிக்காதபடி வைத்தார். கட்டிலில் ஒரு முறை படுத்துப் பார்த்தால் எவருக்கும் இது தோன்றும்.

நாங்கள் கேட்பது சிறியது. ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரே, படுத்தவர் கண்படும் உயரத்தில் ஒரு படம். கிருமிநாசினியால் துடைக்கும்படி மேலே ஒரு தெளிந்த தகடு. வாரம் ஒரு தடவை தள்ளுவண்டியில் பத்துப் படம் வந்து, நோயாளி தாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டச் சொல்லலாம். அந்த வார்டில் அவர் தாமாக முடிவு செய்யும் ஒரே காரியம் அதுவாகக்கூட இருக்கும். தொற்று பரவும் என்று ஒருவர் சொன்னார். திரைச்சீலையைவிடத் துடைத்த தகடு தூய்மையானது என்று கண்காணிப்பாளர் அம்மையாரே அவருக்குப் பதில் சொல்லிவிட்டார். சுவர் இருந்தால்தான் சித்திரம். ஐயா, சுவர் இருக்கிறது! ஒவ்வொரு மருத்துவமனையிலும் நாலு பக்கமும் இருக்கிறது.

நான்காவது செய்தி மருத்துவ மாணவர்கள் ஓவியம் பார்த்துப் பழகுவது பற்றியது. முதல்வர் அவர்கள் இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் துறை அது, நிறைவுரையில் அவரே சொல்லட்டும்.

வாயிலருகே மேசையில் நம் கோரிக்கை மனு இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்துக்கான இடத்தை முதல்வர் அவர்களுக்காகக் காலியாக விட்டு, இரண்டாவதிலிருந்து எண் போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு மருந்துப்பெட்டி அட்டையும் இருக்கும். தச்சர் வரைந்த படகு அது. பார்த்துவிட்டு, காளையா படகா என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். வணக்கம்.