மெண்டலின் பட்டாணியும் 210 ரூபா முத்தும்

எல்லோருக்கும் வணக்கம். வழமைபோலக் கல்லடிப் பாலத்தடியில் நின்று பேசத்தான் போனேன். காற்று அள்ளிக்கொண்டு போகிறது, ஒரு சொல் பதிவாகவில்லை. அதனால் இன்றைக்கு வீட்டு விறாந்தைதான். பாதிச் சந்தோஷம், பாதிக் கோபம். சந்தோஷத்தை முதலில் சொல்கிறேன்.

தரம் 13 பிள்ளைகளுக்குப் பிறப்புரிமையியல், அதாவது மரபியல், தொடங்கியாயிற்று. கண்டல் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரும்பலகையோடு முடிகிற பாடம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கையால் தொட வேண்டும். அதற்காக மாலை கோர்க்கிற முத்து வாங்கினேன். எதிருரு என்றால் ஒரே பரம்பரை அலகின் வேறு வேறு வடிவம். கறுப்பு முத்து ஆட்சியுடைய எதிருரு, ஒன்று இருந்தாலே அதன் இயல்பு வெளியே தெரியும். வெள்ளை பின்னிடைவானது, இரண்டும் வெள்ளையானால்தான் தெரியும். எட்டுக் குழு. குழுவுக்கு இரண்டு துணிப்பை, ஒன்று தாய், ஒன்று தகப்பன். ஒவ்வொரு பையிலும் 10 கறுப்பு, 10 வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு பைக்கு ஒன்றாக எடுத்துக் குறிக்க வேண்டும், 50 தடவை.

முதல் நாள் எல்லாம் பிழைத்தது. ஒரு குழுவுக்கு இரண்டும் வெள்ளையாக 22 தடவை! நாலில் ஒரு பங்கு, அதாவது 12, 13 வர வேண்டிய இடத்தில் 22. நான் பைகளைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. பின்வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளைதான் கண்டுபிடித்தாள். "மிஸ், வெள்ளை முத்து பெரிசு. கையை விட்டதும் அதுதான் விரலில் தட்டுது." உண்மைதான். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் இருக்கும். கடையில் பைக்கற்றுக்குள் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது.

சரி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். முதலில் வாங்கிய வெள்ளை பைக்கற்று 140 ரூபா. கறுப்போடு சரிசமமான அளவில் கேட்டால் 210 ரூபா. அதே 100 முத்து! "நானா, 70 ரூபா கூட எதற்கு?" என்று கேட்டேன். "டீச்சர், இது ஒரே அச்சில் வாற சாமான்" என்றார். நான் கறுப்பு முத்தைக் கையில் கொண்டுபோய், ஒவ்வொரு பைக்கற்றையும் பிரிக்கச் சொல்லி, பக்கத்தில் வைத்து உருட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். இரண்டு பைக்கற்று 420 ரூபா. பத்து ரூபாகூடக் குறைக்கவில்லை. ஆனால் வாங்கியதற்குக் கொஞ்சமும் கவலை இல்லை, ஏனென்றால் அடுத்த நாள் வந்தது என்ன தெரியுமா? எட்டுக் குழுவும் சேர்த்து 400இல் ஒரு கறுப்பாவது வந்தது 296, இரண்டும் வெள்ளை 104. கிட்டத்தட்ட 3:1! ஒரு குழுவுக்கு 31க்கு 19 வந்து முகம் வாடிப் போயிருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டியதும் அவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எடுத்த முத்தை ஒவ்வொரு தடவையும் திரும்பப் பைக்குள் போட வேண்டும். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பிறப்புரிமையியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டலின் கணக்கைப் பலகையில் எழுதினேன். உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. அதுவும் கிட்டத்தட்ட 3:1. 1856இலிருந்து 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி நட்டு, கையால் மகரந்தம் மாற்றி, ஒவ்வொரு விதையாக எண்ணிய மனிதர். அகுஸ்தீனார் சபைத் துறவி, குருவானவர். ஆசிரியர் தகுதிப் பரீட்சையில் 1850இல் சித்தியடையாதவர். அந்த மடத்தின் அதிபர்தான் அவரைப் படிக்க வியன்னாவுக்கு அனுப்பினார். புத்தகங்களில் "துறவி" என்று ஒரு சொல்லோடு கடந்து போகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. ஒரு குருவானவர் காலையில் பூசை வைத்துவிட்டுத் தோட்டத்தில் விதை எண்ணியிருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனிக் கோபம். மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை வந்தாள். அடுத்தது கூர்ப்பு, அதாவது உயிர்களின் பரிணாமம் பற்றிய பாடம் என்று தெரிந்த ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: "பரீட்சைக்குக் கூர்ப்பை எழுது, எழுதிவிட்டு மறந்துவிடு. கத்தோலிக்கப் பிள்ளை அதை நம்பக்கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நம்பாததைப் புள்ளிக்காக எழுது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதா? அது பொய் சொல்லப் பழக்குவது. திருச்சபை அப்படிச் சொல்லவும் இல்லை. மனித உடல் ஏற்கெனவே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இலேயே எழுதிவிட்டார். கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் சொன்னார். இதை அவளுக்கு அங்கேயே நின்று விளங்கப்படுத்தினேன்.

பிள்ளை விடவில்லை. "மிஸ், முத்து எடுக்கிற மாதிரி எல்லாம் தற்செயல் என்றால், கடவுள் எங்கே?" என்றாள். பாருங்கள், என்ன கேள்வி! 3:1 வந்ததைக் காட்டி இதோ கடவுள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் ஒடுக்கற்பிரிவும் (சோடி எதிருருக்கள் பிரிந்து புணரிக்கு ஒன்றாகப் போவது) கருக்கட்டலும் (தாய், தகப்பன் புணரிகள் சேர்வது), பரீட்சையிலும் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் கடவுளின் பராமரிப்பு தற்செயலை இல்லாமல் செய்துவிடாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் எழுதி வைத்திருக்கிறார். கண்ணை மூடித்தான் எடுத்தாய், ஆனாலும் பை இருந்தது, முத்து இருந்தது, எடுக்க நீயும் இருந்தாய். இவை ஏன் இருக்கின்றன என்பது என் பாடத்துக்குள் வராத கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று உயிரியலும் சொல்லவில்லை.

இதை வகுப்பு நேரத்தில் பேசுவதில்லை. சைவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பாடவேளையில் எல்லோருக்கும் ஒரே பாடம். கேட்டு வருகிறவர்களுக்கு மணி அடித்த பிறகு எவ்வளவு நேரமும் நிற்பேன்.

அந்தப் பெரிய வெள்ளை முத்து 200ஐயும் என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். ஒரு செபமாலைக்கு 59 முத்து வேண்டும். பிள்ளைகள் மூன்று கோர்த்துவிட்டார்கள், 23 மிச்சம். நாலாவதற்கு இன்னும் 36 வேண்டுமாம். 140 ரூபாக் கடைக்கு நாளைக்கு மறுபடியும் போகிறேன்.