ஒற்றையடிப் பாதையும் ஓடைத் தண்ணீரும்

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவில் கோலகுபு பாரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சைக்கிள் ஒன்று மட்டும் போகிற அகலத்தில் காட்டுக்குள் வளைந்து போகும் தடத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'சிங்கிள் டிராக்' என்கிறார்கள். என்னவோ புதுசு என்று கூடப் போனேன். பார்த்தால், அம்மா காண்டா வாளியில், அதாவது தோள்கம்பில் தொங்கும் வாளியில், ரப்பர் பால் சுமந்து நடந்த அதே ஒற்றையடிப் பாதை!

ஓடையை ஒட்டியே போகும் பாதை அது. கித்தா என்கிற ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கியதும் வெயில் சட்டென்று குறைந்துவிடும். வேர்களும் அங்கேதான் தொடங்கும். மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு வேரும் சோப்பு தடவினது போல இருக்கும். நான் போன முதல் மாதமே விழுந்தேன். குறுக்கே சாய்வாகக் கிடந்த வேரில் சக்கரம் ஏறும்போது பயத்தில் முன் பிரேக்கை அழுத்திவிட்டேன். சக்கரம் வேரோடு வழுக்கிக்கொண்டு ஓடியது, நான் பெரணிப் புதருக்குள் கிடந்தேன். எழுந்து உதறினால் காலுறைக்குள் இரண்டு அட்டை.

பிரேக்கை வேருக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்; வேர்மேல் ஏறும்போது விட்டுவிட வேண்டும். வேரை முடிந்தவரை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். இறக்கத்தில் இரண்டு பெடலும் சம உயரத்தில் இருக்கட்டும், சீட்டைவிட்டு எழுந்து நில்லுங்கள், முழங்கை மடங்கியிருக்கட்டும். டயரில் ரோட்டுக்கு அடிப்பது போலக் கல்லாகக் காற்றடிக்காதீர்கள். கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும்.

பிரேக் என்றதும் ஞாபகம் வருகிறது. 1976இல் கலிபோர்னியாவில் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்குமே, அந்த பிரேக்தான். கீழே வந்து சேர்வதற்குள் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடுமாம். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். இருபது வருடம் கழித்து, 1996இல், இந்த மலைச் சைக்கிள் விளையாட்டு ஒலிம்பிக்கில் ஏறியது.

சரி, நம் பாதைக்கு வருவோம். சொதசொதவென்று இருக்கும் நாளில் அதில் ஓட்டாதீர்கள். டயர் கீறிய கோட்டில் தண்ணீர் இறங்கினால் அடுத்த மழைக்கு அது வாய்க்கால். எதிரே நடந்து வருபவர்களைக் கண்டால் இறங்கி வழிவிடுங்கள். இந்தக் காட்டின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லிக்காரர்களுக்கு அது விளையாட்டுத் தடம் இல்லை, வீட்டுக்குப் போகும் வழி. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட பயப்பட வேண்டியது 'கெப்பாலா ஆயர்', அதாவது ஓடையில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். மலை உச்சியில் பெய்த மழை, தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே திரண்டு வந்து இறங்கும். தண்ணீரை எங்கள் ஊர் லேசாக நினைப்பதில்லை. 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை அடித்துப்போனது. அப்புறமும் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்க, வெள்ளம் தொடர்ந்து வந்து, கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள்.

போன வருடம் ஓடையைக் கடக்குமுன் கால் நனைத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடி போல இருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறமானது, சருகும் குச்சியும் மிதந்து வந்தன. "ஏறுங்கடா!" என்று கத்தினேன். ஒரு தம்பி சைக்கிளை எடுக்கத் திரும்பினான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. சைக்கிள் இரண்டு நாள் கழித்து மூங்கில் புதரில் கிடைத்தது, பின் சக்கரம் இல்லாமல்.