ஆடி மாசத்தில் கேட்ட போனஸ்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் நேராக வருகிறேன்.

1932-இல் அமெரிக்காவின் அடையாளம் சாதித்தவர்களா, சோதிக்கப்பட்டவர்களா? எதிரணி அக்கா சாதித்தவர் என்று அமீலியா ஏர்ஹார்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். தன்னந்தனியாக 15 மணி நேரம் விமானம் ஓட்டி, அட்லாண்டிக்கைத் தாண்டி, வட அயர்லாந்தில் மாடு மேயும் புல்வெளியில் இறங்கிய பெண். பெரிய விஷயம்தான், நானும் கை தட்டினேன். ஆனால் அவர் மேலே பறந்த அதே மே மாதத்தில் கீழே சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு, முதல் உலகப் போரில் சண்டை போட்ட முன்னாள் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். போர்ச் சேவைக்காகத் தருவதாகச் சொன்ன போனஸைக் கேட்டு.

உடனே அக்கா ஒரு போடு போட்டார்: "தீபாவளி போனஸை ஆடி மாசத்திலேயே வந்து கேட்டால் எந்த முதலாளி தருவான்?" நீங்களும் விசில் அடித்தீர்கள். சரி, அக்கா, அது எந்த வருஷத்துத் தீபாவளி என்று சொன்னீர்களா? போர் முடிந்தது 1918-இல். போனஸ் தருகிறோம் என்று சட்டம் போட்டது 1924-இல். கையில் தருவதாகச் சொன்னது 1945-இல்! சட்டம் போட்ட நாளிலிருந்தே எண்ணினால் 21 தீபாவளி. அதற்கு முன்னால் முழுப் பணமும் வேண்டுமென்றால் ஒரு வழி இருந்தது. செத்துப்போக வேண்டும். செத்தால் குடும்பத்துக்கு உடனே கிடைக்கும். அதனால் அந்த வீரர்களே அதற்கு வைத்த பெயர் 'கல்லறை போனஸ்'. நாலில் ஒருத்தருக்கு வேலை இல்லாத காலத்தில் மனைவி அடுப்படியில் நின்று, "ஏங்க, போனஸ் எப்போது வரும்?" என்று கேட்டால், புருஷன் என்ன சொல்வான்? "நான் போனதும் வரும்டி!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அப்புறம் முடியாது.

ஜூன் 17, போனஸை உடனே கொடுக்கச் சொன்ன மசோதாவை, நாடாளுமன்ற மேலவையான செனட் தோற்கடித்தது. வெளியே காத்திருந்த கூட்டம் கல்லெறியவில்லை. தேசபக்திப் பாட்டுப் பாடிவிட்டு அனகோஸ்டியா ஆற்றங்கரையில் போட்டிருந்த தகரக் குடிசைகளுக்குத் திரும்பியது. ஜூலை 28, அக்கா, அதுவும் ஆடி மாசம்தான், ஜெனரல் மெக்கார்தர் தலைமையில் ராணுவம் இறங்கியது. குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகை. தங்களுக்கு மரியாதை செய்யத்தான் அணிவகுத்து வருகிறார்கள் என்று நினைத்து வீரர்களில் சிலர் கை தட்டினார்களாம்! குதிரைகள் மேலே பாய்ந்த பிறகுதான் புரிந்தது. அன்று ராத்திரி குடிசைகள் எரிந்தன.

அந்தக் குதிரைப்படையோடு வந்த மேஜர் பேட்டன், 1918-இல் பிரான்ஸில் குண்டடி பட்டு விழுந்தவர். தோட்டாக்களுக்கு நடுவே அவரை ஒரு பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டுக் கட்டுப் போட்டவர் ஜோ ஏஞ்சலோ. அதற்காகப் பெரிய பதக்கம் வாங்கியவர். வேலை போய், நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் ஊரிலிருந்து வாஷிங்டனுக்கு நடந்தே வந்து போனஸுக்காக முன்பே சாட்சி சொன்னவர். அவரும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்.

மறுநாள் காலை பேட்டனைப் பார்க்க அவரை அழைத்துப்போனார்கள். பேட்டன் பார்த்தார். "இந்த ஆளை எனக்குத் தெரியாது, கூட்டிக்கொண்டு போங்கள்" என்றாராம்.

மணி அடிக்கிறீர்கள் நடுவரே, இதோ முடித்துவிட்டேன். அமீலியா எங்கே இறங்கினார் என்று அக்காவுக்குச் சரியாகத் தெரிகிறது. அன்று ராத்திரி ஏஞ்சலோ எங்கே போய்ப் படுத்திருப்பார், அக்கா? குடிசைகள்தான் முந்தின ராத்திரியே சாம்பலாகிவிட்டனவே.