எல்விக் கரையில் ஒரு மொழி பிழைத்த கதை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைக்கு ஒரு சின்னக் கோயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். வேல்ஸின் வடக்கே, எல்வி ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது செயின்ட் ஆசாப் பேராலயம். பேராலயம் என்றதும் வானத்தை முட்டும் கோபுரங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 182 அடிதான். பிரிட்டனின் பழைய பேராலயங்களிலேயே சிறியது இதுதான் என்பார்கள். ஊரும் அதற்கு ஏற்ற மாதிரிதான், மூவாயிரத்துச் சொச்சம் பேர். 2012இல்தான் அதற்கு நகரம் என்ற பட்டமே கிடைத்தது. வெல்ஷ் மொழியில் ஊரின் பெயர் லானெல்வி. எல்விக் கரைக் கோயில் என்று பொருள்.

ஆறாம் நூற்றாண்டில் கென்டிஜெர்ன் என்ற துறவி இங்கே மடம் கட்டினார், அவருக்குப்பின் அவருடைய சீடர் ஆசாப் பொறுப்பேற்றார் என்பது மரபுக் கதை. குளிரில் நடுங்கிய குருவுக்காக எரியும் தணலை மடியில் அள்ளிக்கொண்டு வந்தாராம் ஆசாப், துணி கருகவில்லையாம். ஆனால் கோயில் எரிந்திருக்கிறது. 1282இல் இங்கிலாந்து மன்னர் எட்வர்டின் படை கொளுத்தியது. 1402இல் வெல்ஷ் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் க்ளின்டூரின் ஆட்கள் கொளுத்தினார்கள். ஆக, இரண்டு பக்கத்தாரிடமும் அடி வாங்கிய கோயில் அது.

என் மனசில் நிற்பது அந்தக் கட்டடத்தைவிட, வெளியே புல்வெளியில் இருக்கிற ஒரு கல் நினைவுச்சின்னம்தான். எண்கோணமாக உயர்ந்து நிற்கும். சுற்றிலும் மனித உருவங்கள். போர்வீரரோ மன்னரோ ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் பைபிளை வெல்ஷ் மொழிக்குக் கொண்டுவந்தவர்கள், அதற்குத் துணை நின்றவர்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படி ஊர் நடுவே சிலை வைத்த இடங்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்? அதில் நடுநாயகமானவர் வில்லியம் மார்கன். இந்தப் பேராலயத்தில் பேராயராக இருந்து இங்கேயே அடக்கமானவர்.

அவர் செய்தது என்ன என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலம், அரசுப் பதவிக்கு ஆங்கிலம் என்றாகிவிட்டது. அப்புறம் மதச்சீர்திருத்தம் வந்தது. கோயில்களில் லத்தீன் போய் ஆங்கிலம் ஏறியது. ஊர்ச் சனங்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலமும் லத்தீனைப் போலவே விளங்காத மொழிதான். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் எழுந்து போனார்கள்.

1563இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வேல்ஸின் நான்கு பேராயர்களும், எல்லையோரத்து ஹெரிஃபோர்டு பேராயரும் சேர்ந்து பைபிளையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷ் மொழியில் ஆக்கித் தர வேண்டும். கெடு 1567 மார்ச் 1. நல்ல சட்டம்தானே என்று தோன்றும். அதன் வால் பகுதியையும் படிக்க வேண்டும். வெல்ஷ் பைபிளுக்குப் பக்கத்திலேயே ஆங்கில பைபிளையும் வைக்க வேண்டும், மக்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சீக்கிரம் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும் என்கிறது அது. வெல்ஷை ஆங்கிலத்துக்கு ஏறிப்போகும் படிக்கட்டாகத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

வேலையைக் கையில் எடுத்தவர்கள் மூன்று பேர். செயின்ட் ஆசாபில் கொஞ்ச காலம் பேராயராக இருந்து பிறகு செயின்ட் டேவிட்ஸுக்குப் போன ரிச்சர்ட் டேவிஸ், அங்கே இசைப் பொறுப்பில் இருந்த தாமஸ் ஹூயட், பெரும் படிப்பாளியான வில்லியம் சால்ஸ்பரி. 1567 அக்டோபரில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. பெரும்பகுதி சால்ஸ்பரியின் கைவண்ணம். கடைசி ஆகமமான வெளிப்படுத்தின விசேஷம் மட்டும் ஹூயட்டுடையது.

புத்தகம் வந்துவிட்டது, ஆனால் வாசிக்க முடியவில்லை! சால்ஸ்பரி அறிஞர், அதனால் வந்த வினை. வெல்ஷ் சொற்களுக்குள் லத்தீன் வேர் தெரியும்படி எழுத்தை மாற்றி எழுதினார். கோயிலுக்கு ‘எக்லூயிஸ்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ‘எக்ளெஸ்’ என்று எழுதிவைத்தார். இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. நம் புணர்ச்சியில் சொல் சேரும்போது எழுத்து மாறுகிறது இல்லையா, அதுபோல வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். அப்பாவுக்கு ‘டாட்’. என் அப்பா என்றால் ‘வ நாட்’. அவளுடைய அப்பா என்றால் ‘இ தாட்’. குழந்தைகூடத் தப்பில்லாமல் சொல்லும். சால்ஸ்பரியோ மூலச் சொல்லின் வடிவம் கெடக்கூடாது என்று, பல இடங்களில் இந்த மாற்றத்தை எழுத்தில் காட்டவே இல்லை. சபையின் முன்னால் நின்று உரக்க வாசிக்கும் குருவானவரை நினைத்துப் பாருங்கள். கண்ணில் ஒன்று படுகிறது, வாய் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழ வேண்டியதுதான்.

பழைய ஏற்பாடு வரவே இல்லை. டேவிஸும் சால்ஸ்பரியும் ஒரே ஒரு சொல்லின் பொருளுக்காகச் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று, க்விடிர் பெருங்குடும்பத்து சர் ஜான் வின் எழுதிவைத்திருக்கிறார். உண்மையோ இல்லையோ, மொழிபெயர்ப்பில் கை வைத்தவர்கள் யாரும் இதை நம்ப மறுக்க மாட்டார்கள்.

இங்கேதான் மார்கன் வருகிறார். 1545இல் பென்மாக்னோ பக்கத்துப் பள்ளத்தாக்கில், க்விடிர் குடும்பத்தின் குத்தகைக்காரர் வீட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். 1578இல் லான்ரையாடர் என்ற மலைக் கிராமத்துக்குக் குருவானவராகப் போனார். பக்கத்தில் 240 அடி உயர அருவி இருக்கிறது. அமைதியாக உட்கார்ந்து எழுதத் தோதான இடம் என்றுதான் நினைப்போம். அமைதி எங்கே கிடைத்தது? உள்ளூர்க் குடும்பங்களுக்குள் நடந்த ஒரு கல்யாணப் பேச்சில் தலையிட்டார். பெண் கைநழுவிப்போன தரப்பு அவருக்குச் சென்ம விரோதியாகிவிட்டது. வழக்குமேல் வழக்கு. குருவானவர் அங்கிக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிகிறார் என்பதுகூட ஒரு குற்றச்சாட்டு. இந்த ரகளைக்கு நடுவில்தான் அவர் எபிரேயத்திலிருந்து பழைய ஏற்பாட்டின் ஏசாயா, எரேமியா ஆகமங்களை வெல்ஷுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

நூலின் முன்னுரையில் அவரே மனம் திறந்து சொல்கிறார். தொல்லையும் செலவும் தாங்காமல், பைபிளின் தொடக்கத்தில் வரும் மோசேயின் ஐந்து ஆகமங்களோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தாராம். கைகொடுத்தவர் கேன்டர்பரி தலைமைப் பேராயர் விட்கிஃப்ட். அச்சு லண்டனில். அச்சுக் கோக்கிறவர்களுக்கு வெல்ஷில் ஒரு எழுத்து தெரியாது. பக்கத்திலேயே இருந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத் தலைவர் கேப்ரியல் குட்மன் தன் வீட்டில் இடம் கொடுத்தார். குட்மனும் வடக்கு வேல்ஸ்காரர், சொந்த ஊரான ரிதினில் பள்ளிக்கூடம் ஏற்படுத்தியவர். ஏறக்குறைய ஒரு வருடம் மார்கன் அந்த வீட்டில் தங்கி, ஈரம் காயாத தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த நினைவுச்சின்னத்தில் குட்மனுக்கும் ஓர் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். வெல்ஷில் ஒரு வரிகூட மொழிபெயர்க்காதவரை, தங்க இடம் கொடுத்தார் என்பதற்காகவும் மறக்காமல் நிறுத்தியிருக்கிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1588. ஸ்பெயினின் கடற்படை இங்கிலாந்தின் மேல் வந்த அதே வருடம். செப்டம்பரில் அரசவையிலிருந்து பேராயர்களுக்குக் கடிதம் போனது: பைபிள் தயார், கிறிஸ்துமஸுக்குள் கோயில்கள் வாங்கிவிட வேண்டும்.

மார்கனின் வெல்ஷ் எப்படிப்பட்டது? அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. நூற்றாண்டுகளாகப் பாணர்கள் கட்டிக்காத்த செய்யுள் மொழி ஒன்று இருந்தது. வடக்கும் தெற்கும் பேச்சில் எவ்வளவு வேறுபட்டாலும், பாட்டில் அந்த மொழி ஒன்றுதான். பாணர்களை ஆதரித்த வீடுகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு தலைமுறை போயிருந்தால் அந்த மொழி ஏட்டோடு முடங்கியிருக்கும். மார்கன் அதை எடுத்து, சால்ஸ்பரியின் முடிச்சுகளை அவிழ்த்து, சொல்வது போலவே எழுதி, வாராவாரம் ஊரே கேட்கிற மொழியாக்கினார். இதற்கு நிகரான காரியம் வெல்ஷ் வரலாற்றில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தெற்கே கார்ன்வாலைப் பாருங்கள். கார்னிஷ் மொழி வெல்ஷுக்குத் தங்கை முறை. அந்தக் காலத்தில் அதற்கு பைபிளும் இல்லை, வழிபாட்டு நூலும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அதைத் தாய்மொழியாகப் பேச ஆளில்லாமல் போயிற்று. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதுவும் காரணம். வேல்ஸில் அதே பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற குருவானவர் ஊர் ஊராக நகரும் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். பாடநூல் வெல்ஷ் பைபிள்தான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத்துக் கற்றார்கள். ஆங்கிலத்துக்குப் படிக்கட்டாகப் போட்டது, வெல்ஷுக்கே அஸ்திவாரமாகிவிட்டது.

மார்கன் 1595இல் லாண்டாஃபுக்கும் 1601இல் ஆசாபுக்கும் பேராயரானார். இங்கேயும் நிம்மதி இல்லை. சிறுவயதில் தன்னை ஆதரித்த அதே க்விடிர் குடும்பத்து ஜான் வின், ஒரு கோயிலின் தசமபாக வருமானத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காக மக்கள் கோயிலுக்குத் தருவதை, குத்தகைக்குக் கேட்டார். குருவானவர்களுக்குச் சேர வேண்டிய பணம் என்று மார்கன் மறுத்துவிட்டார். நன்றி கெட்டவர் என்றார் வின். 1604 செப்டம்பர் 10 அன்று, பெரிதாகச் சொத்து எதுவும் சேர்க்காமல் மார்கன் இறந்தார்.

அடுத்து வந்த பேராயர் ரிச்சர்ட் பாரி வேலையை விட்டுவிடவில்லை. அவருக்கு ஒரு சகலர், ஜான் டேவிஸ், மல்லூயிட் கிராமத்துக் குருவானவர், நெசவாளி மகன், மார்கனிடம் உதவியாளராக இருந்தவர். இருவரும் சேர்ந்து சீர்செய்த பதிப்பு 1620இல் வந்தது. வெல்ஷ் மக்கள் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் கையில் வைத்திருந்த பைபிள் அதுதான். டேவிஸ் அதோடு நிற்காமல் 1621இல் இலக்கணமும் 1632இல் அகராதியும் தந்தார். 1630இல் லண்டன்வாழ் வெல்ஷ் வணிகர்கள் செலவேற்க, ஐந்து ஷில்லிங்கில் கையடக்கப் பதிப்பும் வந்தது. கோயில் மேடையிலிருந்த புத்தகம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது.

இனி ஒரு கசப்பான உண்மை. மொழிக்கு இவ்வளவு செய்த இந்தத் திருச்சபையே பிறகு அதை மறந்தது. 1727க்குப்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, வேல்ஸின் எந்தப் பேராலயத்துக்கும் வெல்ஷைத் தாய்மொழியாகக் கொண்ட பேராயர் வரவில்லை. லண்டன் யாரை அனுப்பியதோ அவர்தான். 1870இல் ஆசாபுக்கு ஜோஷுவா ஹ்யூஸ் வந்தபோதுதான் அது மாறியது. அதற்குள் மக்களில் பெரும்பகுதி மார்கனின் பைபிளை எடுத்துக்கொண்டு வேறு சபைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். தாங்கள் போகாத கோயிலுக்கு எதற்குத் தசமபாகம் என்று 1880களில் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள், ஜப்தி செய்ய வந்தவர்களோடு மோதல் நடந்தது. அரசாங்கத்தோடு திருச்சபைக்கு இருந்த பிணைப்பை அறுக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. அதில் முன்னணிக் குரல் லாய்ட் ஜார்ஜ். கடைசிவரை எதிர்த்தவர் ஆசாப் பேராயர் ஏ. ஜி. எட்வர்ட்ஸ். 1920இல் பிணைப்பு அறுந்தது. அந்த ஜூன் 1 அன்று, தனித் திருச்சபையின் முதல் தலைமைப் பேராயராக எட்வர்ட்ஸ் இதே சின்னக் கோயிலில் பதவியேற்றார். வந்திருந்தவர்களில் ஒருவர் அன்றைய பிரதமர் லாய்ட் ஜார்ஜ்.

இன்னும் சிலரைச் சொல்லாமல் விட முடியாது. இதே ஊர் ஏழைகள் விடுதியில் வளர்ந்த ஜான் ரோலண்ட்ஸ் என்ற பையன்தான், பின்னாளில் ஆப்பிரிக்கப் பயணங்களால் பெயரும், அங்கே இழைத்த கொடுமைகளால் தீராத பழியும் சம்பாதித்த ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. இசையமைப்பாளர் வில்லியம் மத்தியாஸ் 1972இல் இந்தப் பேராலயத்தில் இசைவிழா ஒன்றைத் தொடங்கினார். 1992இல் இறந்தபோது அவரைக் கோயிலுக்கு வெளியே, அந்தப் புல்வெளியிலேயே அடக்கம் செய்தார்கள்.

கடைசியாக டிக் அபர்டாரோன். 1780இல் பிறந்தவர், இயற்பெயர் ரிச்சர்ட் ராபர்ட் ஜோன்ஸ். முறையான படிப்பே கிடையாது. லத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்று பதினான்கு பதினைந்து மொழிகள் தானே கற்றார் என்பார்கள். நிலையான வேலை இல்லை, வீடு இல்லை. அழுக்கு மேலங்கியின் பைகள் முழுக்கப் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு, ஒரு பூனையோடு ஊர் ஊராக அலைந்தார். ஜனங்களுக்கு அவர் வேடிக்கைப் பொருள். அலைந்த காலத்திலேயே வெல்ஷ், கிரேக்கம், எபிரேயம் மூன்றுக்கும் சேர்த்து ஓர் அகராதி எழுதி முடித்தார். மார்கன் மேசைமேல் இருந்த அதே மூன்று மொழிகள். அச்சிடப் பணம் திரட்ட வீடு வீடாக ஏறி இறங்கினார், கிடைக்கவில்லை. 1843 டிசம்பரில் ஆசாப் ஊரிலேயே இறந்தார். அடக்கம் ஆனது மேட்டின் அடிவாரத்தில், ஊர்ச் சபைக் கோயிலின் கல்லறையில். அவர் கைப்பட எழுதிய அந்த அகராதி மட்டும் மேட்டின்மேல் ஏறியது. மார்கனின் பைபிள் இருக்கிற பேராலயத்தில் இன்றும் அதை வைத்திருக்கிறார்கள்.