தலைமை வினிகருக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வட சீனத்து ஜியாவ்ஸி டம்ப்ளிங்குக்கு, அதாவது பூரணம் வைத்து வேகவைத்த மாவுக் கொழுக்கட்டைக்கு, தொட்டுக்கொள்ளும் சாஸில் தலைமை சோயா சாஸுக்கா, வினிகருக்கா? வினிகருக்கே என்பது எங்கள் அணி.

வேகவைத்த மாவுத்தோல் சப்பென்று இருக்கும், சோயாதான் அதற்குச் சுவை தரும் என்றார் எதிரணித் தலைவர். தோலைப் பார்த்தவர் உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டாமா ஐயா? பன்றி இறைச்சியையும் முட்டைக்கோஸையும் பிசையும்போதே உப்பும் சோயாவும் சேர்த்துவிடுகிறார்கள். அதன்மேல் மறுபடி சோயாவா? ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயாவில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம். நாளுக்கு 2,000-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே இருக்கும் இறைச்சிக் கொழுப்பு நான்கைந்து வாயிலேயே திகட்டும். அந்தத் திகட்டலை முறிப்பது புளிப்பு.

இருவருக்கான அளவைச் சொல்கிறேன். அரிசியில் செய்த கறுப்பு வினிகர் 2 மேசைக்கரண்டி, லைட் சோயா (நிறம் குறைந்த வகை) 1 மேசைக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. டார்க் சோயா வேண்டாம். அது குழம்புக்கு நிறமேற்ற வந்தது, இங்கே கருமையும் பிசுக்கும்தான் மிஞ்சும். வினிகர் என்றால் ஜியாங்சு மாகாணத்து ஜென்ஜியாங் வினிகர். ஒட்டரிசியில் செய்து ஊறவைத்தது. புளிப்போடு லேசான இனிப்பும் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகரை அதே அளவு ஊற்றினால் தொண்டையைப் பிடிக்கும். ஒன்றரைக் கரண்டி ஊற்றி, அரைக் கரண்டி தண்ணீர் சேருங்கள். மணம் வராது, காரியம் நடக்கும்.

பூண்டில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு பல்லை உப்போடு நசுக்கி, பத்து நிமிடம் வைத்த பிறகே வினிகரில் போட வேண்டும். நசுங்கியதும் ஒரு நொதி வேலை செய்துதான் பூண்டுக்கு நெடி வருகிறது. அமிலம் உடனே பட்டால் அந்த நொதி அடங்கிவிடும்.

மிளகாய் எண்ணெய்க்கு, எண்ணெய் லேசாகப் புகைந்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, கொரகொரப்பாக இடித்த மிளகாய்மேல் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்க வேண்டும். கறுத்தால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் கடைசியாக அரைத் தேக்கரண்டி போதும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. அந்த வாசனை அதில் இல்லை. வெங்காயத்தாளைப் பரிமாறும்போது தூவுங்கள், முன்பே போட்டால் புளிப்பில் நிறம் மங்கும்.

ஊர்வழக்கைக் கேட்பீர்கள், அதையும் சொல்கிறேன். வட சீனத்தில் சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள், உரித்த பூண்டை அரிசி வினிகரில் மூழ்கப் போட்டு மூடிவைக்கிறார்கள். குளிரில் இருந்த பூண்டு என்றால் பச்சை மரகத நிறமாகும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஜியாவ்ஸிக்கு அந்தப் பூண்டே துணை, ஊறிய வினிகரே சாஸ்.

அந்தக் கிண்ணத்தில் சோயாவுக்கு என்ன இடம் என்று எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி.